படர்தாமரையும் ஒரு சாதிக் கதைதான்

திருவாலங்காடு என்றால் பலருக்கு வடாரண்யேஸ்வரர் கோயிலும் காரைக்கால் அம்மையாரும் நினைவுக்கு வருவார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கரும்பு. திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. நான் பணி செய்யும் காலனிகளில் பலர் கரும்பு வெட்டப் போகிறவர்கள். அவர்கள் உடம்பில் நான் அடிக்கடி பார்ப்பது படர்தாமரை.

"சுத்தபத்தமா இருந்தா இதெல்லாம் வருமா?" என்று ஊர்ப் பக்கம் சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். தோழர்களே, சுத்தம், தீட்டு என்ற சொற்கள் நம்மீது எப்படிப் பிரயோகிக்கப்பட்டன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நோயிலும் அதே பேச்சுதான் நடக்கிறது.

படர்தாமரைக்குக் காரணம் ஒரு பூஞ்சை. அது தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டினைத் தின்று வாழ்கிறது. அதற்கு வேண்டியது வெப்பமும் ஈரமும். கரும்புத் தோகை உடம்பைக் கிழிக்காமலிருக்க, பெண்கள் புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறார்கள். வியர்வையில் நனைந்த துணி மாலைவரை உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. குளிக்க மறைவிடம் இல்லை. உள்ளாடையை வெயிலில் காயப்போடக் கூச்சம். வேறு துணிக்கு அடியில் போட்டு அரை ஈரத்தில் எடுத்துக் கட்டுகிறார்கள். இதில் யாருடைய அசுத்தம் இருக்கிறது?

ஓர் அக்காவுக்குப் பாவாடை நாடா இறுகும் இடத்தில் இரண்டு வருடமாக அரிப்பு. "ஆம்பள டாக்டருகிட்ட எப்படிம்மா காட்டறது?" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலியும் போகும். அதனால் மருந்துக்கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் பூசிவந்தார். மூன்று நாளில் அரிப்பு நிற்கும், விட்டால் முன்பைவிட அகலமாகத் திரும்பும். டியூபை வாங்கிப் பார்த்தேன்: குளோபிட்டசால். அது ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். பூஞ்சையைக் கொல்லாது, தோலின் எதிர்ப்பைத் தணித்து அதை வளரவிடும். தோலும் மெலிந்து வரிவரியாகும். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. விதி காகிதத்தில் இருக்கிறது.

டெர்பினாஃபின் மருந்துக்குக் கட்டுப்படாத பூஞ்சை வகை ஒன்றும் இங்கே பரவியிருக்கிறது. 2020-இல் அதற்கு வைத்த பெயரிலேயே இந்தியா இருக்கிறது: டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. ஆகவே அரைகுறை வைத்தியம் இனி ஆபத்து.

காலனிக்குப் போகும் மாணவர்கள் இதைச் சொல்லுங்கள். டியூபில் குளோபிட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்றிருந்தால் படர்தாமரைக்குப் பூசக் கூடாது. மருத்துவர் தரும் பூஞ்சைக்கொல்லிக் களிம்பைத் தழும்பைத் தாண்டி இரண்டு விரற்கடை அகலத்துக்குப் பூச வேண்டும். தழும்பு மறைந்தாலும் அவர் சொன்ன நாள்வரை நிறுத்தக் கூடாது. உடம்பில் பல இடங்களில் இருந்தால் மாத்திரை தேவைப்படலாம். வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும். துண்டு, துணி ஆளுக்கொன்று. வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரிய வெயிலில் காயட்டும்.

அந்த அக்காவை அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். குடும்பமே மருந்து எடுத்தது. குணமாகச் சில மாதங்கள் ஆயின. ஆனால் அவர் வேலையும் குளிக்கும் இடமும் மாறவில்லை. மறுபடி வராது என்று எப்படிச் சொல்வேன்?

களிம்போடு சேர்த்து நாம் கேட்க வேண்டியவை இவை: காலனியில் தண்ணீரோடு பெண்களுக்குக் குளியலறை, கூலி போகாதபடி மாலை நேரத் தோல் மருத்துவ முகாம், அதில் ஒரு பெண் மருத்துவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் முழு நாளுக்குமான மருந்து. அடுத்த கிராமசபைக்கு இந்த நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள்.