மண் காத்த மரக்கலங்கள்

கி.பி. 793ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடகீழ்க் கரையை அடுத்துள்ள லிண்டிஸ்பார்ண் என்னுந் தீவின் துறவிமடம் கடல்வழி வந்தோராற் சூறையாடப்பட்டது. அச்செய்தியை எழுதிவைத்தோர் கிறித்தவத் துறவிகளாவர். வாளேந்தி வந்தோர் எழுதவில்லை. அவ்வாளுக்கு அஞ்சியோரே எழுதினர். அன்று எழுதப்பட்ட சொற்களிலிருந்து பிறந்த வைக்கிங் வீரனின் உருவமே பன்னெடுங்காலமாக ஐரோப்பிய வரலாற்று நூல்களில் உலாவி வந்தது. கொள்ளையும் கொலையுமே தொழிலாகக் கொண்ட, பண்பாடு அறியாத கடலோடி என்பதே அவ்வுருவம்.

வைக்கிங் மக்களிடம் எழுத்து இல்லாமலில்லை. ரூன் எனப்படும் எழுத்துக்களை அவர்கள் கல்லிலும் மரத்திலும் பொறித்தனர். ஆயினும் அவை பெரும்பாலும் ஒரு பெயரையோ நினைவையோ கூறும் சிறு தொடர்களேயாம். அவர்தம் வீரக் கதைகளைக் கூறும் சாகா இலக்கியங்கள், ஐஸ்லாந்து மக்கள் கிறித்தவராகிப் பல தலைமுறைகள் கழிந்தபின், 13ஆம் நூற்றாண்டளவிலேயே பெரும்பாலும் ஏட்டிலேறின. ஆகவே வரலாற்று மாணவன் முன்னே ஒருபுறம் பகைவர் எழுதியது இருக்கின்றது. மறுபுறம் வழித்தோன்றல்கள் எழுதியது இருக்கின்றது. இவ்விரண்டுக்கும் அப்பால், அம்மக்கள் தம் கையாலேயே அமைத்துவிட்டுச் சென்ற சான்று மண்ணுக்குள் உளது. தம்முள் சிறந்தோரை அவர்கள் கப்பலோடு சேர்த்துப் புதைத்தனர். அக்கப்பற் புதைகுழிகள் கூறுவது யாது, கூறாது விடுவது யாது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

2008ஆம் ஆண்டு எஸ்தோனியா நாட்டின் சாரெமா தீவிலுள்ள சல்மே என்னும் கிராமத்தில் மின்வடம் பதிப்பதற்காக நிலத்தை வெட்டிய தொழிலாளர் மனித எலும்புகளைக் கண்டனர். இரண்டாம் உலகப்போரில் மடிந்த போர்வீரரின் எலும்புகளாக இருக்கலாமென்றே முதலில் எண்ணப்பட்டது. ஆனால் எலும்புகளோடு கிடைத்த பொருள்கள் வேறு கதை கூறின. மரம் உக்கி மண்ணாகிவிட்ட போதிலும் பலகைகளைப் பிணைத்த இரும்புத் தறையாணிகள் நின்ற வரிசையே ஒரு கலத்தின் வடிவத்தைக் காட்டியது. ஏறக்குறையப் பதினொன்றரை மீற்றர் நீளமான அக்கலத்தில் ஏழு ஆடவர் கிடந்தனர். 2010ஆம் ஆண்டு அதற்கு அண்மையிலேயே இன்னொரு கலம் வெளிப்பட்டது. பதினேழு மீற்றருக்குக் குறையாத அக்கலத்தில் முப்பத்துநான்கு ஆடவர் அடுக்கடுக்காகக் கிடத்தப்பட்டிருந்தனர். இவர்கள் கி.பி. 750ஐ ஒட்டிய காலத்தவர் என்பது ஆய்வாளர் துணிபு. எனவே லிண்டிஸ்பார்ண் நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, பெருந்தொகையான வீரர்கள் கடல் கடந்து சென்று அயல்மண்ணில் உயிர்விட்டுள்ளனர். வைக்கிங் யுகம் ஒரு நாளில் ஒரு மடத்தின் வாயிலில் தொடங்கியதன்று என்பது இதனாற் புலனாகும். பெரிய கலம் ஏராக்கட்டை உடையதாய்ப் பாய் விரித்துச் சென்றிருக்கலாம் எனவுங் கருதப்படுகின்றது. அவ்வாறாயின் பால்டிக் கடலிற் பாய்க்கப்பல் ஓடியதற்கான மிகப் பழைய சான்றுகளுள் அதுவும் ஒன்றாகும்.

அம்மனிதர் இறந்த விதத்தில் ஐயமில்லை. எலும்புகளில் வெட்டுக்காயங்கள் உள, அம்புமுனைகளும் கிடைத்தன. ஆயினும் நெஞ்சைத் தொடுவது அவர்கள் இறந்த விதமன்று. அடக்கஞ் செய்யப்பட்ட விதமேயாகும். நாற்பதுக்கு மேற்பட்ட வாள்கள் அவர்களோடு வைக்கப்பட்டிருந்தன. வாளொன்று எத்துணை விலையுடையது என்பதை அறிந்தோர்க்கே அக்கொடையின் அளவு புரியும். உடல்களின்மேற் கேடயங்கள் போர்த்தப்பட்டிருந்தன. நாய்களும் வேட்டைப் பருந்துகளும் உடன் வைக்கப்பட்டன. திமிங்கில எலும்பு முதலியவற்றாற் செய்யப்பட்ட ஆட்டக்காய்கள் நூற்றுக்கணக்கிற் கிடைத்தன. அவ்வாட்டத்தில் ஒரு பக்கத்தார் நடுவிலிருக்கும் அரசனைக் காப்பர். மறுபக்கத்தார் அவனை வளைத்துப் பிடிக்க முயல்வர். இறந்தோருள் ஒருவரது வாயில் அந்த அரசக்காய் வைக்கப்பட்டிருந்தது. அவரே அக்கூட்டத்தின் தலைவராயிருத்தல் கூடும். பேசுதற்கு வழியற்றுப்போன தலைவனின் வாயில் அரசக்காயை வைத்த கை, பண்பாடு அறியாத கை எனக் கொள்ளுதல் எங்ஙனம்?

பற்களிற் படிந்துள்ள மூலகங்களை ஆராய்ந்தோர், இவ்வீரர்களிற் பெரும்பாலோர் நடுச் சுவீடனின் மேலாரன் ஏரியை அண்டிய பிரதேசத்தில் வளர்ந்தவர்கள் எனக் கண்டனர். 2020ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு இதனினும் ஒருபடி மேற்சென்றது. அக்கலத்தில் அருகருகே கிடத்தப்பட்ட நால்வர் உடன்பிறந்தோர் என்பதை அது நிறுவியது. ஒரே தாய்க்குப் பிறந்த நான்கு மக்கள் ஒரே பயணத்தில் மடிந்தனர். உயிர் பிழைத்த தோழர்கள் அந்நால்வரின் உறவை அறிந்தே அவர்களைப் பிரிக்காது வைத்தனர் போலும். கூலிக்காகச் சேர்ந்த கொள்ளைக்கூட்டம் என்னும் உருவம் இவ்விடத்திற் குலைகின்றது. உறவும் நட்பும் பிணைத்த குழுவொன்றே அக்கலத்தில் ஏறியது. வேட்டைப் பருந்துகளும் அணிசெய்யப்பட்ட வாள்களும் கொள்ளைக்குச் செல்வோர் கொண்டு செல்லும் பொருள்களல்ல எனவும், இது அரச தூதுக்குழுவாக இருந்திருக்கலாம் எனவும் சில ஆய்வாளர் கருதுவர். தூதோ படையெடுப்போ, அவர்களின் ஊரில் ஒரு தாய் நால்வரை எதிர்பார்த்திருந்தாள் என்பது மட்டும் மாறாது.

நிற்க. நோர்வே நாட்டின் கொக்ஸ்டாட் என்னும் இடத்தில் 1880ஆம் ஆண்டு அகழப்பட்ட கப்பல் வேறொரு செய்தியைத் தருகின்றது. களிமண் காற்றைப் புகவிடாது காத்தமையால் அதன் ஓக் மரம் அழியவில்லை. ஏறக்குறைய இருபத்துமூன்று மீற்றர் நீளமும் ஐந்து மீற்றர் அகலமுங் கொண்ட அக்கலம் முப்பத்திரண்டு துடுப்புக்களாற் செலுத்தப்பட்டது. அதன் இரு பக்கங்களிலும் கறுப்பும் மஞ்சளும் மாறிமாறித் தீட்டிய அறுபத்துநான்கு கேடயங்கள் கட்டப்பட்டிருந்தன. கி.பி. 900ஐ ஒட்டிய காலத்தில் அதனுள் வைக்கப்பட்டவர் திடகாத்திரமான ஓர் ஆடவர். அவரது கால் எலும்புகளிற் காணப்படும் வெட்டுக்கள் ஆறிய அடையாளமின்றி இருப்பதால், அவரும் போரிலே வீழ்ந்தவர் எனத் துணியலாம்.

ஆயினும் வீரனைக் காட்டிலும் கலமே இங்கு மிகுதியாகப் பேசுகின்றது. அதன் பலகைகள் ஒன்றன் விளிம்பை மற்றொன்று மூடுமாறு அடுக்கப்பட்டுத் தறையாணிகளால் இறுக்கப்பட்டவை. ஆகவே பெருங்கடலின் அலைக்கு எதிர்நின்று முறியாது, அலையோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும் இயல்பு அதற்கு உண்டு. 1893ஆம் ஆண்டு இக்கலத்தைப் போன்ற ஒன்று கட்டப்பட்டு, மாக்னஸ் அண்டர்சன் என்னுங் கப்பற்றலைவரின் பொறுப்பில் நோர்வேயின் பேர்கன் துறைமுகத்திலிருந்து அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் சிக்காகோ கண்காட்சியை அடைந்தது. பண்டைத் தச்சரின் அறிவு நூல்களில் இல்லை. கலத்தின் உடலிலேயே இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

அத்தகைய கலம் ஒன்று கடலில் இறங்குவதற்குக் காட்டில் மரந்தறித்தோர், இரும்பை உருக்கி ஆணி அடித்த கொல்லர், பைன் மரத்திலிருந்து கீல் வடித்தோர், ஆட்டு மந்தைகளை வளர்த்தோர், அவற்றின் மயிரைத் திரித்துப் பாய் நெய்த பெண்கள் என எத்தனையோ பேரின் உழைப்புத் தேவைப்பட்டது. இத்தகைய பாய்களை மீள நெய்து பார்த்தோர், கலத்தைக் கட்டும் உழைப்புக்கு ஒப்பான உழைப்பைப் பாய் ஒன்றே வேண்டிநிற்கும் எனக் கண்டுள்ளனர். வீரனின் புகழ் அவனது வாளில் மட்டும் தங்கியிருக்கவில்லை. பெயரறியாப் பெண்களின் விரல்களிலும் அது தங்கியிருந்தது.

கொக்ஸ்டாட் புதைகுழியிற் பன்னிரண்டு குதிரைகளோடு மயிலின் எச்சங்களும் கண்டெடுக்கப்பட்டன. இந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட பறவையினம் பனி சூழ்ந்த நோர்வேயின் மன்னவனொருவனது மேட்டுக்குள் கிடப்பது வியப்பிற்குரியது. கைமாறிக் கைமாறி நீண்ட வணிகப் பாதைகளின் அளவை அப்பறவை காட்டுகின்றது. ஆனால் தொடர்பைத் தேடும் ஆர்வம் சிலவேளை வழிதவறச் செய்யும் என்பதற்கும் கப்பற் புதைகுழியொன்றே எடுத்துக்காட்டாகும். ஒசபேர்க் என்னும் இடத்திற் கிடைத்த வாளியொன்றின் பிடியிலே காலை மடக்கிச் சப்பாணமிட்டு அமர்ந்த உருவம் ஒன்று உண்டு. அதனைக் கண்டோர் அவ்வாளிக்குப் புத்தர் வாளி எனப் பெயரிட்டனர். ஆனால் அதன் வேலைப்பாடு அயர்லாந்து மற்றும் பிரித்தானியத் தீவுகளைச் சார்ந்தது. வடிவ ஒற்றுமை வேறு. வரலாற்றுத் தொடர்பு வேறு.

அந்த ஒசபேர்க் புதைகுழி 1904ஆம் ஆண்டு அகழப்பட்டது. மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு அவ்வடக்கம் கி.பி. 834இல் நிகழ்ந்ததெனக் கணிக்கப்பட்டுள்ளது. சிற்ப வேலைப்பாடு மிக்க கப்பல், வண்டி, சறுக்குவண்டிகள், கட்டில்கள், தறிகள், உருவங்கள் நெய்த திரைச்சீலை என வைக்கிங் காலப் புதைகுழிகளுள் அதுவே மிகச் செல்வம் நிறைந்தது. ஆனால் அங்கு வீரன் எவனுமில்லை. அடக்கஞ் செய்யப்பட்டோர் இரு பெண்கள். ஒருவர் எழுபது வயதைக் கடந்த முதியவர். மற்றவர் ஐம்பதை அண்மித்தவர். கப்பல் என்பது போர்க்கருவி மட்டுமன்று, தலைமையின் சின்னம் என்பதும், அத்தலைமை ஆண்களுக்கே உரியதாக இருக்கவில்லை என்பதும் இதனால் விளங்கும்.

இவ்விடத்திலேதான் கடினமான வினா எழுகின்றது. இருவருள் தலைவி யார்? மற்றவர் யார்? உறவினரா, தோழியா, அன்றி உடன் அனுப்பப்பட்ட அடிமையா? அறிஞரிடையே இதுபற்றி ஒருமித்த கருத்தில்லை. கி.பி. 922இல் பாக்தாத் கலீபாவின் தூதுக்குழுவிற் சென்ற இபுன் பத்லான் என்பவர் வோல்கா நதிக்கரையில் வடநாட்டு வணிகர் தலைவனொருவனின் ஈமச்சடங்கை நேரிற் கண்டு எழுதியுள்ளார். தலைவனோடு ஓர் அடிமைப் பெண் கொல்லப்பட்டுக் கப்பலோடு எரிக்கப்பட்டாள் என்பது அவர் தரும் செய்தி. அக்குறிப்பை ஒசபேர்க்கின் மீது அப்படியே ஏற்றுதல் முறையன்று, மறந்துவிடுதலும் முறையன்று. வைக்கிங் செல்வத்தின் ஒரு பெரும்பகுதி அடிமை வணிகத்தால் விளைந்தது. அவ்வடிமைகளுக்குக் கப்பலும் இல்லை, மண்மேடும் இல்லை. புதைகுழிச் சான்றை மட்டும் நம்பும் வரலாறு, புதைகுழி பெற்றோரின் வரலாறாகவே முடியும்.

புதைகுழியை அமைப்போர் இறந்தவரல்லர், இருப்பவர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கடலோரத்தில் எவருங் காணுமாறு எழுப்பிய மேடு, இந்நிலம் எங்கள் முன்னோரது என்னும் உரிமைக்குரல். அதனாலேயே அது பகைக்கும் இலக்காயிற்று. 10ஆம் நூற்றாண்டின் பிற்பாதியளவில் ஒசபேர்க், கொக்ஸ்டாட் மேடுகள் இரண்டும் உடைக்கப்பட்டன. உடைத்தோர் விட்டுச்சென்ற மரமண்வெட்டிகள் அக்காலத்தைக் காட்டுகின்றன. அகன்ற வழி வெட்டி எலும்புகளைச் சிதைத்தமை, இரவிலே வந்த திருடரின் செயலாகத் தோன்றவில்லை. பழைய குடியொன்றின் நினைவை அழிக்க முனைந்த புதிய அதிகாரத்தின் செயலாகவே தோன்றுகின்றது.

நினைவை அழித்தலைவிட அதனைத் தனக்கென வளைத்தல் நுட்பமான வன்முறையாகும். 1930களிலும் 1940களிலும் நோர்வேயின் நாசிசக் கட்சியினர் பொர்ரே என்னும் இடத்துப் பண்டை மண்மேடுகளிடையே கூட்டங்கள் நடத்தி, வைக்கிங் வீரரைத் தூய இனமொன்றின் முன்னோராகக் காட்டினர். அம்மேடுகளால் மறுப்புக் கூற இயலவில்லை. பின்னாளில் எலும்புகளே மறுப்புக் கூறின. சல்மே உடன்பிறந்தோரை இனங்காட்டிய அதே ஆய்வு, வைக்கிங் உலகின் பல பகுதிகளிலிருந்து 442 பேரின் மரபணுக்களைப் பரிசோதித்தது. தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் கலந்த குருதி ஸ்கண்டிநேவிய மக்களிடம் இருந்தமை அதனால் வெளிப்பட்டது. ஸ்கொத்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் வைக்கிங் முறைப்படி வாளோடு புதைக்கப்பட்ட இருவர், குருதியால் அப்பகுதியின் பழங்குடிகளே எனக் காணப்பட்டனர். வைக்கிங் என்பது பிறப்பால் வரும் பெயரன்று. மேற்கொண்ட வாழ்க்கையால் வந்த பெயராகும். தூய இனத்தின் பழம்பெருமை பேசுவோர் எந்நாட்டவராயினும் இம்முடிபு அவர்களுக்கு உவப்பானதன்று.

ஒசபேர்க்கில் எடுக்கப்பட்ட மரப்பொருள்களிற் பல, சறுக்குவண்டிகள் உட்பட, சிதையாது காக்கப்படவேண்டி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் படிகாரக் கரைசலிற் கொதிக்கவைக்கப்பட்டன. அன்றைய அறிவுக்கு அதுவே சிறந்த வழி. ஆனால் அப்படிகாரமே நாளடைவில் மரத்துக்குள் அமிலமாகிப் பொருள்களை உள்ளிருந்து அரித்துவருகின்றது. வெளியே செதுக்கிய விலங்குருவங்கள் அழகோடு விளங்க, உள்ளே மரம் பொடியாகின்றது. ஆயிரம் ஆண்டுகள் மண் காத்தவற்றை நூறு ஆண்டுகள் மனிதர் காப்பது அரிதாயிற்று. நல்லெண்ணத்தோடு பூசியது இவ்வாறாயின், பெருமைக்காகப் பூசுவது யாதாகும்? நான்கு சகோதரரை அருகருகே கிடத்திய அத்தோழர்கள் எவ்வினத்தின் பெருமையையும் எண்ணியிருக்கமாட்டார்கள். தம்மோடு துடுப்பு வலித்தவர்களைத் தனியே விட்டுச்செல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை, அவ்வளவே.