கவரிங் கம்மலும் கடைவாய்ப் பல்லும்

கல்யாணமான மூன்றாம் வருஷம் என் தங்கக் கம்மல் அடகுக்குப் போனது. அம்மா அம்பாசமுத்திரத்தில் ஒரு ஜோடி கவரிங் வாங்கித் தந்தாள். இரண்டே நாளில் காதுச்சோணை சிவந்து, நீர் வடிந்து, அரித்தது. "மகாராணி காது, கவரிங்க ஏத்துக்க மாட்டேங்கு" என்று அத்தை சிரித்தார். வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டேன். அது ஒரு நோய்க்குறி என்று எனக்கே தோன்றவில்லை.

பதினாறு வருஷம் கழித்து, விக்கிரமசிங்கபுரத்தில் வேர் சிகிச்சை செய்த பல்லுக்குக் கேப் போட வேண்டியிருந்தது. பீங்கான் கேப்புக்கு விலை அதிகம். மகனுக்குக் காலேஜ் பணம் கட்டும் மாதம். "மெட்டலே போதும்" என்றேன். சில வாரங்களில் கேப்பைச் சுற்றி ஈறு தடித்தது, கன்னத்தின் உள்பக்கம் எரிந்தது. "இந்த வயசுல டென்ஷன்மா" என்றார் பல் மருத்துவர். வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள்.

அப்பா பாபநாசம் மில்லில் வேலை பார்த்தவர். அவருடைய இருமலுக்குப் பஞ்சுத்தூசி என்று ஊரே பெயர் சொன்னது. என் எரிச்சலுக்குக் கிடைத்த பெயர் மனப்பிரமை.

திருநெல்வேலியில் ஒரு தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "கவரிங் போட்டா ஒத்துக்குமா?" முதுகில் வரிசையாகச் சிறு ஒட்டுகளை ஒட்டினார். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது. பிரித்தபோது நிக்கல் இருந்த இடம் சிவந்து பொரிந்திருந்தது.

விலை குறைந்த கேப்புகளில் பல நிக்கல்-குரோமியக் கலவை. அதில் பாதிக்குமேல் நிக்கலே. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் உடம்பு அதை எளிதில் மறப்பதில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். காது குத்துவதும் மலிவு நகையும் முக்கியக் காரணங்கள். நகைகளிலிருந்து கசியும் நிக்கலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே சட்டம் போட்டு வரம்பு வைத்தது. காதில் ஒத்துக்கொள்ளாத எல்லோருக்கும் வாயிலும் வரும் என்றில்லை. ஆனால் கேட்டிருக்கலாம். மரப்பு ஊசி, ரப்பர் கையுறை, பல்செட்டின் அக்ரிலிக் ஆகியவையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

மகளிர் குழுவில் கடன் வாங்கி, உலோகமில்லாத சிர்கோனியா கேப் மாற்றினேன். ஒரு மாதத்தில் எரிச்சல் அடங்கியது.

பல் மருத்துவமனைப் படிவத்தில் சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கவரிங் பற்றிக் கேட்பதில்லை. அதன் கீழே இப்போது நானே எழுதிவிடுகிறேன்: "நிக்கல் ஆகாது."