கோதலா? வாரலா?



சீப்பால் தலையைச் சீராக்கினால் அதற்கு 'வாருதல்' என்று பெயர். விரலால் சிக்கெடுத்தால் 'கோதுதல்'. குருவி தன் அலகால் இறகை நீவிவிடுகிறதே, அதற்கும் கோதுதல் என்றுதான் பெயர். இந்த இரண்டில் எது என் தலைக்கு ஏற்றது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முடியைச் சுருட்டை என்று மட்டும் சொன்னால் போதாது. ஒவ்வொரு முடியும் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி இருக்கும். இழுத்துப் பிடித்தால் இடுப்பு வரை வரும். விட்டால் தோளுக்கு ஏறிவிடும். இதற்காக எனக்குப் 'பரட்டை', 'குருவிக்கூடு' என்று இரண்டு பட்டங்கள் கிடைத்துள்ளன. பட்டம் கொடுத்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். பழைய தமிழில் பெண்களின் கூந்தலை 'ஐம்பால்' என்றார்கள். அந்த ஐந்து வகையில் 'சுருள்' என்பதும் ஒன்று. நம்ம ஊர்க் குன்றில் 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவர் குடைந்த சத்ருமல்லேஸ்வரம் கோயிலில் இருப்பவர் யார்? சிவபெருமான். அவருக்குச் சடையன் என்றே பெயர். அவரை யாராவது பரட்டை என்று கூப்பிடுகிறோமா?

பட்டப்பெயரைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். காலை நேரத்தைத்தான் தாங்க முடியாது. அம்மா களையெடுக்கப் போகணும். நான் இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிப் பள்ளிக்கு வரணும். "குந்துடி, தலைய ஆட்டாத" என்று சொல்லி, சீப்பை உச்சியில் வைத்து ஒரே இழுப்பு இழுப்பாங்க. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சீப்பில் பல் உடையும். "இந்த முடிய ஒட்ட வெட்டி உட்டுடப் போறேன்" என்பாங்க. சொல்லிவிட்டு அவங்க முகமும் வாடிப் போகும். இரண்டு பேரும் பேசாமலே வீட்டை விட்டுக் கிளம்பிய நாள் நிறைய. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவங்களுக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான்.

எங்க ஆயாவுக்கும் இதே முடிதான். ஒரு நாள் ஆயா சொன்னாங்க: "நூல் சிக்கிக்கினா இழுப்பியா கண்ணு? நுனியத் தேடுவ இல்ல? முடியும் அப்படித்தான்."

ஆயா சொன்னதற்கு அறிவியலிலும் காரணம் இருக்கிறது. தலைத்தோலில் ஊறும் எண்ணெய் நேரான முடியில் சுலபமாகக் கீழே இறங்கும். சுருள் முடியில் வளைவுக்கு வளைவு தடைபட்டு, நுனிக்குப் போய்ச் சேராது. அதனால் நுனி காய்ந்து போகும். காய்ந்த சுருள்கள் ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொள்ளும். மேலிருந்து சீப்பை இழுத்தால் வழியில் உள்ள சின்னச் சிக்கெல்லாம் கீழே ஒன்றாகச் சேர்ந்து பெரிய முடிச்சாகிவிடும். அப்புறம் முடி அறுந்துதான் தீரும்.

இதை நானே பார்த்தேன். சீப்பில் வந்த முடியையும், ஆயா விரலால் கோதியபோது வந்த முடியையும் வெள்ளைத் தாளில் தனித்தனியாகப் பரப்பினேன். தானாக உதிர்ந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாகச் சின்ன வேர் இருக்கும். நடுவில் அறுந்ததில் அது இருக்காது. சீப்பில் வந்தது பெரும்பாலும் வேர் இல்லாத துண்டு முடி. விரலில் வந்ததோ நீளமாக, வேரோடு இருந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. ஆகவே விரல் எடுத்தது உதிர வேண்டிய முடியை. சீப்பு எடுத்தது உதிரக் கூடாத முடியையும் சேர்த்து.

ஆயா சொல்லித்தந்த முறை இதுதான். ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து ஊறிய பின், முடியை நாலு பாகமாகப் பிரிக்க வேண்டும். செம்பருத்தி இலையை அரைத்தால் வழவழவென்று வரும். அதைத் தடவி, ஈரம் இருக்கும்போதே கோத வேண்டும். ஒரு கையால் சிக்குக்கு மேலே பிடித்துக்கொண்டால் வேர் வலிக்காது. மறு கை விரலால் நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். முடிச்சைக் கீழே இழுக்காமல் பக்கவாட்டில் பிரிக்க வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். நேரான முடி உள்ள தோழிகளே, இந்த ஈர விஷயம் உங்களுக்குப் பொருந்தாது. நேர்முடி ஈரத்தில் சீக்கிரம் அறும், கொஞ்சம் உலர்ந்த பிறகு வாருங்கள் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

அப்படியானால் சீப்பு வேண்டாமா? வேண்டும். பேனை விரலால் வாரி எடுக்க முடியாதே! இஸ்ரேலில் லாக்கீசு என்ற இடத்தில் கிடைத்த சுமார் 3700 ஆண்டுப் பழைய தந்தச் சீப்பு பற்றி 2022-ல் செய்தி வந்தது. அதில் ஒரு பக்கம் சிக்கெடுக்க 6 பெரிய பற்கள், மறுபக்கம் பேன் எடுக்க 14 சின்னப் பற்கள். பேன் ஒழியட்டும் என்ற பொருளில் எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். ஆப்பிரிக்க மக்களின் சீப்புகளில் பற்கள் நீளமாக, இடைவெளி விட்டு இருக்கும். அவர்கள் தங்கள் முடிக்கு ஏற்ற சீப்பைச் செய்துகொண்டார்கள். நான் கடையில் வாங்கிய சீப்பு வேறு முடிக்குச் செய்தது. முடிமேல் குற்றம் இல்லை.

கோதுவதில் ஒரு கஷ்டம், முழுசாக ஒரு மணி நேரம் ஆகும். காலையில் அது நடக்காது. அதனால் இப்போது இரவே விரலால் கோதி, அகலப் பல் சீப்பால் ஒரு முறை வாரி, நானே தளர்வாகப் பின்னிக்கொண்டு படுக்கிறேன். காலையில் அம்மாவுக்கு ரிப்பன் கட்டும் வேலை மட்டும்தான். ரிப்பன் கட்டிக்கொண்டே, "இன்னிக்குப் பரீட்சையாடி?" என்று கேட்கிறாங்க. முடியை வெட்டுகிற பேச்சே இப்போது இல்லை.

இடைவேளையில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிடும் அக்காமார்களே! அங்கேயும் சுருட்டை முடிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை அழவிடாதீர்கள். முதலில் விரல், பிறகு சீப்பு. நுனியில் தொடங்குங்கள்.



– 9-ஆம் வகுப்பு மாணவி, தளவானூர்