கண்டாலாவில் பிரியும் மழை

தாணேயில் இருப்பவர்களுக்குச் சென்னை என்பது விமானத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வான்வழியில் சுமார் 1,030 கிலோமீட்டர். சாலையில் 1,300-ஐத் தாண்டும். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினாலும் ஒரு முழு நாள் ஆகும். எப்போதும் விமானத்திலேயே போய்வந்த நான், செம்பூரில் அக்கா வீட்டைக் காலி செய்து கிளம்பிய ஆடி மாதத்தில்தான் முதன்முதலாகச் சாலை வழியே போனேன்.

பன்வேல் தாண்டிப் புனே விரைவுச்சாலை கண்டாலா மலையில் ஏறியது. பாறைச் சரிவெங்கும் வெள்ளை வெள்ளையாய் அருவிகள். வண்டி ஓட்டியவர் தாராவியில் வாழும் திருநெல்வேலிக்காரர். மேலே ஒரு திருப்பத்தில் வேகத்தைக் குறைத்து, "இந்தப் பக்கம் விழுற தண்ணி நம்ம ஊருக்குத்தான் வருது, அண்ணாச்சி. அந்தாண்ட விழுறது வேற கடலுக்குப் போயிரும்" என்றார்.

உண்மைதான். மேற்கே சரியும் மழை உல்லாஸ் ஆறாகிக் கர்ஜத், கல்யாண் வழியாக எங்கள் தாணே கழிமுகத்துக்கு வந்து அரபிக்கடலில் சேர்கிறது. சில கிலோமீட்டர் கிழக்கே, லோனாவாலாவில் விழும் மழை இந்திராயணியில் இறங்கி, பீமாவில் கலந்து, ராய்ச்சூர்ப் பக்கம் கிருஷ்ணையோடு சேர்ந்து வங்கக்கடல் வரை போகிறது. ஒரே மேகம், இரண்டு கடல்! நாங்கள் ஒரு நாளில் கடக்கப்போகும் தக்காணத்தை அந்தத் தண்ணீரும் குறுக்கே கடக்கிறது. லோனாவாலாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளிப் புனேயில் 700 சொச்சம்தான். அந்த வித்தியாசத்தைக் கண்ணாடியிலேயே பார்த்தோம். வைப்பர் நின்றுவிட்டது.

இந்த மலை லேசில் வழிவிடவில்லை. 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரில் கிளம்பிய நாட்டின் முதல் பயணிகள் ரயில் 34 கிலோமீட்டர் ஓடித் தாணேயில் வந்து நின்றது. இந்த மலையின் போர் கணவாய் வழியே பாதை திறக்க 1863 ஆயிற்று. பம்பாய்த் தண்டவாளமும் சென்னைத் தண்டவாளமும் ராய்ச்சூரில் சந்தித்தது 1871-இல். வானம் திறந்தது 1932 அக்டோபரில்: கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா தபாலோடு ஜுஹுவில் வந்திறங்க, நெவில் வின்சென்ட் அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு விமானத்தைச் செலுத்தினார்.

சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி என்று ஊர்கள் ஓடின. சாத்தாராவுக்கு முன்பே கிருஷ்ணையைக் கடந்தாயிற்று. ஹரிஹரில் துங்கபத்திரை செம்மண் கலந்து கரை புரண்டது. கடைப்பலகைகள் மராத்தியிலிருந்து கன்னடத்துக்கு மாறி, விடியற்காலையில் ஓசூரில் தமிழாயின. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அக்காவை எழுப்பிக் காட்டினேன். ஒவ்வொரு பலகையாகச் சத்தம்போட்டுப் படித்தாள். வாணியம்பாடிக்குப் பிறகு பாலாறு வந்தது; அந்த ஆடியிலும் வெறும் மணல்.

திரும்பும்போது விமானம். ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கினேன். இறங்கத் தொடங்கும் வேளையில் மேகம் விலக, பீடபூமி வெட்டிவிட்டாற்போல முடிந்து, செங்குத்தாய்க் கீழே கொங்கணம் பச்சையாய்க் கிடந்தது. நாள் முழுக்க ஓடியும் சாலை காட்டாத அந்த விளிம்பு, வடக்கும் தெற்குமாய்க் கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டிருந்தது.