முன் ஆசனம்

தை 4

அப்பாவை நேற்று ஈரோட்டு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். பொங்கலுக்கு முந்தைய வாரம் கரும்பு ஆலைக்கொட்டாயில், கொப்பரையிலிருந்து பாகு இறக்கும் நேரத்தில், இடக்கையும் இடக்காலும் வசமிழந்து சாய்ந்துவிட்ட அவரை, நாலரை மணி நேரத்துக்குள் சேர்த்தால்தான் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பயன் உண்டு என்பதை அறிந்திருந்த பக்கத்துத் தோட்டத்துப் பையன் தாமதமின்றி 108-ஐ வரவழைத்து அனுப்பிவைத்தமையால், உயிரும் பேச்சும் மிஞ்சின. இடப்பக்கம் இன்னும் திரும்பவில்லை.

வரும்போது நம் அம்பாசடரின் முன் ஆசனத்தில் அமர்த்தினோம். வழி நெடுகச் சரிந்துகொண்டே வந்தவர், அணைக்கட்டு கண்ணில் பட்ட சமயத்தில், "ஒக்கார முடியல கண்ணு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கொதிக்கும் பாகு கையில் தெறித்த நாளில்கூட வாய் திறவாத ஸ்வபாவம் அவருடையது. ஆகவேதான் இந்த நோட்டைத் தேடி எடுத்து எழுத உட்கார்ந்தேன்.

தை 7

வண்டி 1988-இல் பதிவானது. மார்க் 4, டீசல். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை முன்மாதிரியாகக் கொண்டு வங்காளத்து உத்தரபாராவில் அரை நூற்றாண்டுக்கு மேல் உற்பத்தியாகி, 2014 மே மாதத்தோடு நின்றுபோன வம்சத்தைச் சேர்ந்தது. ஆகையால் இதற்குப் புது ஆசனம் என்பது யாரேனும் கையால் செய்து தந்தால்தான் உண்டு. முன்புறம் தனித்தனி நாற்காலிகள் இல்லை. கதவிலிருந்து கதவு வரை ஒரே நீள மெத்தை. கியர்த் தண்டு ஸ்டீயரிங் கழுத்திலேயே இடப்புறமாக நீட்டிக்கொண்டிருப்பதால் நடுவில் தடையேதும் கிடையாது. அந்த மெத்தையில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. வலப்புறத்துப் பள்ளம் ஆழமானது, அப்பாவுடையது. இடப்புறத்தது சற்று மேலோட்டமானது. அம்மா உயிரோடிருந்தவரை அவள் அமர்ந்த இடம்.

பரமத்தி வேலூரிலிருந்து வரும் பிசியோதெரபி அம்மணி, அப்பாவைப் பார்த்து முடித்தபின் என் வேண்டுகோளுக்கிணங்கி வண்டியையும் பார்த்தார். பள்ளத்தில் இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டால் பலமுள்ளவனுக்கே எழுவது பிரயாசை, பாதி செயலற்ற சரீரத்துக்கோ அது நடவாத காரியம் என்றும், இடுப்பு ஒருபுறம் தாழ்ந்தால் முதுகும் கழுத்தும் அந்தப் பக்கமே சரியும் என்றும், அப்படிச் சரிகையில் தாங்குவதற்கு ஒன்றுமின்றித் தொங்கும் இடக்கையின் பாரம் தோள்மூட்டை மெல்ல இறக்கிவிடும் என்றும் விளக்கினார். ஏறும் முறையும் உண்டு: ஆசனத்துக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே திருப்ப வேண்டும். திரும்புவதற்கு விளிம்பு வழுக்க வேண்டும். அமர்ந்த பிறகு வழுக்கக் கூடாது. ஒரே மெத்தை இரண்டு குணங்களையும் கொண்டிருக்க வேண்டும் என்ற இந்த நிபந்தனை, எழுதுகிற இந்நேரத்திலும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

தை 8

மருந்துக் கடைக்கு ரூ. 3,140. ஆசனத்துக்கென்று எடுத்து வைத்த ரூ. 8,000-ஐத் தொடவில்லை.

தை 12

பங்காளி வீட்டு அண்ணன் வந்திருந்தார். வண்டியைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டு, மேற்கொண்டு கொஞ்சம் கடன் வாங்கியாவது ஒரு சிறு கார் எடுத்துவிடு என்பது அவர் யோசனை. பதினைந்து வருஷம் கடந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் செலவு இருக்கிறது என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிறு கார்களில் தலை குனிந்து தேகத்தை மடக்கி நுழைய வேண்டும். இருபுறமும் வரம்பு உயர்த்திய தனி நாற்காலியில், ஓட்டுகிறவனுக்கு அணைவாக இருக்கும் அந்த வரம்பே, கால் தூக்க முடியாதவனுக்கு மதிலாகிவிடுகிறது. நோயாளிக்கு அம்பாசடரின் கதவு உயரமும் நீண்ட மெத்தையும் உத்தமமானவை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். அவர் காப்பி குடிக்காமலே போய்விட்டார்.

மாலையில் திருச்செங்கோடு சென்றேன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு இந்தியா முழுவதும் பெயர்பெற்ற ஊர் அது. புறப்பட்டால் மாதக்கணக்கில் வடதேசங்களில் வண்டியே வீடாக வாழ்கிறவர்களின் முதுகுகளுக்கு மெத்தை தைத்துப் பழகிய கைகள் அங்கேதான் இருக்கின்றன. ஒரு சந்தில் குஷன் வேலை செய்யும் மேஸ்திரி, வண்டியைப் பார்த்தவுடன், இப்போதைய பையன்கள் கேட்கிறபடி இரண்டு பக்கெட் சீட் போட்டு, சிவப்பு நூலில் கட்டம் கட்டமாகத் தைத்துவிடலாமா என்று விசாரித்தார். நான் அப்பாவின் நிலையைச் சொன்னேன். தையல் மெஷினை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"அய்யா எந்தப் பக்கமுங்க சாயறாரு?"

"இடப்பக்கம்."

"எடை எவ்வளவு இருக்குமுங்க? வேட்டிதானுங்களே கட்டறாரு?"

வேட்டியைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று புரியாமல் நின்றேன். "வேட்டி ரெக்சின் மேல நிக்காதுங்க வாத்தியாரே. பிரேக்கு போட்டீங்கன்னா அய்யா காலடிக்கு வந்துருவாரு" என்றார். மருத்துவமனையில் அத்தனை பேர் அப்பாவைப் பரீட்சித்தார்கள். அவர் என்ன உடுத்துகிறவர் என்று கேட்ட முதல் மனிதர் இவர்தான். சட்டத்தையும், பழுதில்லாத ஸ்பிரிங்குகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, பின் ஆசனத்தைத் தொடாமல் விட்டால், என் பணத்துக்குள் வேலையை முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டார். பூசம் கழிந்து வரச் சொன்னார்.

தை 18

தைப்பூசம். கபிலர்மலைச் சாலையில் ஜனக்கூட்டம், பயிற்சிக்கு வேலூர் போகவில்லை. அப்பா திண்ணையில் காவடிகளைப் பார்த்திருந்தார்.

தை 21

ஆசனத்தைக் கழற்றி மேஸ்திரியின் கடை வாசலில் கவிழ்த்துப் போட்டோம். பக்கத்தில் நின்று பார்த்தேன்; இப்படி ஒரு பொருளின் உள்ளுறுப்புகளை அடுக்கடுக்காகக் காணும் வாய்ப்பு எளிதில் வாய்ப்பதில்லை.

மேலே வெடித்த ரெக்சின். துணியின் மீது படிந்த பி.வி.சி. பூச்சுக்கு இளக்கம் தருவதற்காகக் கலந்திருக்கும் பொருள், வருஷக்கணக்கான வெயிலில் சிறுகச் சிறுக வெளியேறிவிட, பூச்சு விறைத்துப் பிளக்கிறது. துணி வலுவாகவே இருந்தது. அதன் கீழே, தொட்டவுடன் மஞ்சள் பொடியாக உதிர்ந்த பழைய ஃபோம். அதற்கும் கீழே தேங்காய் நார்ப் பலகை. நாரை முறுக்கிக் கயிறாக்கி, சுருள் நிலைக்கும்வரை விட்டுவைத்துப் பிரித்து, அந்தச் சுருள் நாரின் மீது ரப்பர்ப் பாலைத் தெளித்து, அச்சில் அழுத்தி வெப்பத்தில் பதப்படுத்திச் செய்வது அது. காற்றுப் புகும், அழுத்தினால் மீளும். இடப்பக்கத்தில் அது ஏறக்குறையக் கெடாமல் இருந்தது. வலப்பக்கத்திலோ நைந்து துகளாகி, கீழேயிருந்த சாக்கையும் கிழித்துக்கொண்டு ஸ்பிரிங்குகளுக்கிடையே இறங்கியிருந்தது.

அந்த ஸ்பிரிங்குகளில் இரண்டு முறிந்தவை. முறிந்த முனைகளைத் துருப்பிடித்த கட்டுக்கம்பியால் யாரோ சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கம்பியை இரட்டையாக மடித்து, நுனியை உள்ளே கொடுத்து, வலமாக முறுக்கி, கையைக் கிழிக்காதபடி முனையைத் தட்டிப் படியவைத்த முடிச்சு அது. ஆலைக்கொட்டாயின் கீற்றுகளிலும் தோட்டத்து வேலியிலும் நான் பிறந்தது முதல் பார்த்துவருகிற முடிச்சு. மேஸ்திரி குறடால் அதை வெட்டுமுன், சற்றுப் பொறுக்கச் சொல்லி இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

பிறகு அளவு எடுத்தார். இடப்பக்கம், பழைய நார்ப் பலகையின் மீது 40 டென்சிட்டி ஃபோம், அதாவது ஒரு கனமீட்டர் 40 கிலோ எடையுள்ள கெட்டியான தினுசு. அதன் மேல் ஓர் அங்குலம் மட்டும் மிருதுவானது. கதவோரம் மட்டும் இரண்டு விரற்கடை உயர்த்தி, சாயும் இடுப்பை மீட்டு நிறுத்த ஓர் ஆப்பு. வெறும் மிருதுவைப் போட்டால் அன்றைக்குச் சுகமாயிருக்கும், ஆறு மாதத்தில் மறுபடியும் பள்ளம் விழும் என்றார். வலப்பக்கம் இனி நான் ஓட்டப்போகிற இடமாதலால், என்னை உட்காரவைத்து முழங்காலுக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே அளந்து எழுதிக்கொண்டார்.

தை 22

அப்பா இன்று பயிற்சி செய்ய மறுத்தார். கோபித்துக்கொண்டேன். இரவு அவரே ரப்பர்ப் பந்தை இடக்கையில் வைத்துக்கொண்டு, அமுக்க முடியாமல், அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

தை 27

வழுக்கவும் வேண்டும், வழுக்கவும் கூடாது என்ற பிரச்னைக்கு உபாயம் கிடைத்தது. காவிரியின் மேல்கரையில் பவானியில் நெய்யும் ஜமுக்காளம்! கல்யாண வீடுகளிலும் பஞ்சாயத்துகளிலும் நாம் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்துவரும் அந்தத் தடித்த பருத்தி விரிப்பின்மேல் வேட்டி வழுக்குவதில்லை. வியர்வையையும் அது உறிஞ்சிக்கொள்ளும். வீட்டுப் பரணில் புதிதாகவே கிடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். மேஸ்திரி இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, தாங்கும் என்றார். கதவோரத்து விளிம்பு ஒரு சாண் அகலத்துக்கு ரெக்சின், நடுவில் ஜமுக்காளம், இரண்டும் சேரும் தையல் தொடையை உறுத்தாதபடி பைப்பிங் வைக்காமல் தட்டையாக மடித்துத் தைப்பது. நோயாளிக்குத் தையல் மேடு புண்ணாகும் என்பதை நான் சொல்லாமலே அறிந்திருந்தார். சிவப்பும் பச்சையுமான கோடுகள் மெத்தையின் நீளவாக்கில் ஓடும்.

துணிச் செலவு மிச்சமான பணத்தில் ஒரு காரியத்தைப் பிடிவாதமாகச் சேர்த்தேன். முன் இருக்கைப் பட்டை 1994-க்குப் பின் வந்த வண்டிகளுக்கே கட்டாயமாதலால், நம் வண்டியில் அது கிடையாது. உடைப்புக்குப் போன வண்டியிலிருந்து கழற்றிய பட்டை மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். ஒரு விபத்தில் இழுபட்ட பட்டை மறுமுறை தாங்கும் என்பதற்கு யார் பொறுப்பு? புதிதே வாங்கி, போல்ட்டுக்கு அடியில் இரும்புத் தகடு கொடுத்து முடுக்கச் சொன்னேன். சிக்கனத்துக்கு இடமுள்ள விஷயங்கள் இருக்கின்றன. இது அவற்றில் சேர்ந்ததன்று.

மாசி 3

சிவராத்திரி. அப்பா விழித்திருந்தார், நானும்.

மாசி 6

ஆசனம் வந்துவிட்டது. மொத்தம் ரூ. 7,850. புதுத் துணியின் வாசனையும் பசையின் நெடியும் வண்டி நிறைய இருந்தன. பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெருவில் போனவர்களையெல்லாம் அழைத்துக் காட்டினேன்.

மாசி 7

வேலூர் போய் வந்தோம். அப்பா சரியவில்லை. வேட்டி வழுக்கவில்லை. எழும்போது வலக்கையை ஊன்றி, என் தோளை லேசாகப் பற்றியதோடு சரி; அம்மணி மெத்தையை அமுக்கிப் பார்த்து மிகவும் சிலாகித்தார். திரும்பும் வழியில் ராஜவாய்க்கால் ஓரமாக வருகையில், ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தவர், "ஒக்கார முடியல கண்ணு" என்றார்.

வண்டியை நிறுத்திவிட்டு ஆப்பு, தையல், பட்டை, விளிம்பு ஒவ்வொன்றையும் சோதித்தேன். எதிலும் குறை தெரியவில்லை. எங்கே உறுத்துகிறது என்று கேட்டேன். பதில் இல்லை.

மாசி 10

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது திண்ணை காலியாக இருந்தது. வாசலில் வண்டியின் இடப்பக்கக் கதவு திறந்து கிடந்தது. அப்பா உள்ளே இருந்தார். ஊன்றுகோலோடு அதுவரை நடந்து, விளிம்பில் அமர்ந்து, காலைத் திருப்பி, அந்த நீண்ட மெத்தையின்மீது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் போய்ச் சேர்ந்திருந்தார். யாரும் துணைக்கு இல்லை. எவ்வளவு நேரம் பிடித்திருக்குமோ!

நான் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். இடக்கை மடியில் கிடக்க, வலக்கையைக் குறுக்கே கொண்டுவந்து கியர்த் தண்டைப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றிப் பார்த்தார். இடக்காலைக் கிளட்ச்சின்மேல் எடுத்துவைக்கும்படி கண்ணால் காட்டினார், எடுத்து வைத்தேன். அழுத்த வரவில்லை. அப்படியே வைத்திருந்தார். ஆலை இந்த வருஷம் எத்தனை கொப்பரை ஓடியது என்று விசாரித்தார். வியாதி கண்ட நாளிலிருந்து அவர் ஆலையைப் பற்றிப் பேசியது இதுவே முதல் தடவை. பேசிக்கொண்டே இருட்டிவிட்டது.

வலப்பக்கத்து ஃபோம் என் அளவுக்குப் போட்டது. அவருக்கு அரை அங்குலம் உயரம். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறது. அதைச் சீவித் தரச் சொல்லி மேஸ்திரிக்குப் போன் செய்தேன். அங்கே ஓட்டப்போவது நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம், இருந்தாலும் சீவிவிடுங்கள் என்றேன். குலதெய்வக் கோயிலுக்குப் போகிறாராம், வியாழக்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.