நம்பர் மாறிடுச்சு

செஞ்சியில் கரண்ட் போய் வந்தால் அப்பாவிடமிருந்து போன் வரும். "நம்பர் மாறிடுச்சுடா, எழுதிக்க. இருநூத்தி மூணு, புள்ளி. சைபர், புள்ளி. நூத்திப் பதிமூணு..." கணக்கு வாத்தியாராக இருந்தவர். நான் திருப்பிச் சொன்னால்தான் அடுத்த எண்ணுக்குப் போவார். எல்லாம் முடிந்ததும் "சாப்டியா?" என்று ஆரம்பிப்பார். ராஜகிரி மேல் மேகம் இறங்கியிருக்கிறது, பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டிருக்கிறது என்று பத்து நிமிஷம் ஓடும்.

அந்த நம்பர் எங்கள் வீட்டு ரவுட்டரின் ஐபி முகவரி. டிவிக்குப் பக்கத்தில் ஒரு ராஸ்பெரி பை வைத்துக் கொடுத்திருக்கிறேன். அம்மா போன பிறகு அப்பா பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து அதில் போடுகிறார். கிளவுடில் போடலாம் என்றேன். "நம்ம வீட்டுப் படம் நம்ம வீட்லயே இருக்கட்டும்" என்றுவிட்டார். சென்னையிலிருந்து நான் பார்க்க வேண்டுமானால் வீட்டின் முகவரி தெரிய வேண்டும். ரவுட்டர் அணைந்து எழும்போதெல்லாம் அது மாறிவிடுகிறது.

முகவரியைப் போனில் சொல்வது இணையத்தின் பழைய வழக்கம்தான். அர்பாநெட் நாட்களில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியலை ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு வைத்திருந்தது. புதிய கணினியைச் சேர்க்க அலுவலக நேரத்தில் அவர்களைக் கூப்பிட வேண்டும். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் அந்தப் பட்டியலைப் பலரிடம் பிரித்துக் கொடுத்தது. 1997இல் வந்த ஆர்எஃப்சி 2136, டிஎன்எஸ் பதிவை ஒரு கணினியே செய்தி அனுப்பி மாற்ற வழி வகுத்தது. டைனமிக் டிஎன்எஸ் என்பது இதுதான்: எண் மாறினாலும் பெயர் மாறாது.

எங்கள் ஊரில் நடந்தது நேர்மாறு. பீஜப்பூர்க்காரர்கள் பாதுஷாபாத் என்றார்கள். 1698இல் பிடித்த முகலாயர்கள் நுஸ்ரத்கட் என்றார்கள். வெள்ளைக்காரர்கள் ஜிஞ்சி என்றார்கள். மலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போய் உட்கார்ந்தேன். இலவச டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒன்றில் வீட்டுக்கு ஒரு பெயர் வாங்கினேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் முகவரியைப் பார்க்கும். மாறியிருந்தால் ரகசிய டோக்கனோடு சேவைக்குச் சொல்லிவிடும். பழைய பதில் வெளியே தங்கிவிடாமல் இருக்க டிடிஎல் 60 விநாடி. படங்கள் நேரடியாக வெளியே தெரியக் கூடாது என்பதால் வயர்கார்டுக்கான ஒரே போர்ட்டை மட்டும் திறந்தேன்.

ஒரு மாதம் ஓடியது. பிறகு பெயர் சரியாக இருந்தும் வீடு திறக்கவில்லை. ரவுட்டரில் பார்த்தால் முகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள், பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்வதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. வெளியிலிருந்து வருபவருக்கு எங்கள் வீட்டு வாசல் தெரியாது. ஐபிவி4இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். அவை தீர்ந்துபோனதன் விளைவு இது. நல்லவேளையாக இணைப்பில் ஐபிவி6 இருந்தது. அதில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி உண்டு. ரவுட்டரின் முகவரியை விட்டுவிட்டு, பையின் ஐபிவி6 முகவரியை ஏஏஏஏ பதிவில் எழுதும்படி ஸ்கிரிப்டை மாற்றினேன். ரவுட்டரின் ஃபயர்வாலிலும் வழி விட்டேன். அதன் பிறகு தொந்தரவே இல்லை.

படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. கோட்டை அடிவாரத்தில் அம்மா, கையில் டிபன் கேரியர். கல்யாண மஹால் முன்னால் நான், அரை டிராயரோடு. ஒருநாள் வேறு எதையோ தேடும்போது போனில் அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். அப்பா கடைசியாகக் கூப்பிட்டு பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. நானும் கூப்பிட்டிருக்கவில்லை.

உடனே போட்டேன்.

"என்னடா, ஏதாவது வேலை செய்யலியா?"

"இல்லப்பா, எல்லாம் நல்லா வேலை செய்யுது."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்ட?"

சட்டென்று பதில் வரவில்லை. "கரண்ட் போச்சாப்பா?" என்று கேட்டேன்.

"காலையில போய்ட்டு வந்துச்சு. நம்பர் சொல்லட்டுமா?"

"சொல்லுங்கப்பா" என்றேன்.