பிள்ளையாருக்குப் போடுவதை எனக்கா?

மே நடுவில் பள்ளி திறந்தது. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தாய்லாந்தின் சியாங் மாய் வந்து சேர்ந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. காலை 8 மணிக்குக் கொடியேற்றம், அப்புறம் 40 வாண்டுகளும் நானும்.

வருகைப்பதிவு எடுக்கவே மூச்சு வாங்கியது. தாய்லாந்துப் பெயர்கள் அவ்வளவு நீளம். நல்லவேளை, எல்லோருக்கும் ஒரு செல்லப்பெயர் உண்டு. என் வகுப்பில் ஒருவன் பேங்க், ஒருவன் பென்ஸ், ஒருத்தி ஐஸ். (பாதி ஆங்கிலப் பாடம் தொட்டிலிலேயே முடிந்துவிட்டது!)

ஆப்பிளை 'ஆப்பென்' என்கிறார்கள். திருத்தித் திருத்தி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அவர்கள் மொழியில் சொல்லின் கடைசியில் 'ல்' ஒலிக்காதாம், 'ன்' ஆகிவிடுமாம். 'இஸ்கூல்' என்று சொல்லி வளர்ந்த நான் யாரைக் குறை சொல்ல?

நேற்று வியாழக்கிழமை, ஆசிரியர்களை வணங்கும் 'வாய் க்ரூ' விழா. க்ரூ வேறு யாருமில்லை, நம்ம குருதான். பிள்ளைகள் முட்டி போட்டு நகர்ந்து வந்து நீட்டிய தட்டில் இட்லிப்பூ, கத்தரிப்பூ, கூடவே அருகம்புல்! ஊரில் பிள்ளையாருக்குச் சாத்துவதை இங்கே எனக்குத் தந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கைகூப்பிவிட்டேன்.

ஐஸ் கொடுத்த புல் இப்போது என் மேசைமேல், தம்ளர் தண்ணீரில் இருக்கிறது. திங்கட்கிழமை மறுபடி ஆப்பிள்.